சத்துமாவுத் தொழிலுக்காக வேலையை விடலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் சம்பளம் 28,000 ரூபாய், கணவருக்கு 35,000. குடும்பச் செலவு மாதம் 40,000. மாமியாரின் பக்குவத்தில் கம்பு, கேழ்வரகு, தினை சேர்த்து அரைத்த சத்துமாவை அலுவலகத்தில் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள். அரை கிலோவுக்கு மூலப்பொருள் 62 ரூபாய்தான் ஆகிறது; 180 ரூபாய்க்கு விற்கலாம். வேலையை விட்டுவிட்டு, நகையை 5 லட்சத்துக்கு அடகு வைத்து இயந்திரங்கள் வாங்கலாமா? வைப்புத்தொகை 4 லட்சம் இருக்கிறது.

பதில்: சகோதரி, தொழில் தொடங்குங்கள். ஆனால் வேலையை விடாதீர்கள், நகையைத் தொடாதீர்கள், இயந்திரத்தை இப்போது வாங்காதீர்கள்.

180-இல் 62 போக 118 ரூபாய் மிச்சம் என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். அதே பாக்கெட்டைக் கடை வரை கொண்டுபோய்ப் பார்ப்போம். வறுத்துச் சலிக்கும்போது எடை குறையும். அதற்கு 5 ரூபாய். வறுக்கவும் அரைக்கவும் 14, பையும் லேபிளும் 12, வண்டிக் கூலி 8, விற்காமல் திரும்பி வருவதற்கு 7. கடைக்காரருக்கு 25 சதவீதம் என்றால் 45. இவை நான் உத்தேசமாகப் போட்ட தொகைகள். உங்கள் ஊர் விலையை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். மொத்தம் 153 ஆகிறது. கையில் நிற்பது 27 ரூபாய், அதிலும் உங்கள் உழைப்புக்குக் கூலி போடவில்லை.

இன்றைய சம்பளத்தை ஈடுகட்டவே மாதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள் விற்க வேண்டும். 5 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைப்பதாக வைத்தால் தவணை ஏறத்தாழ 10,900 ரூபாய். அதற்கு இன்னும் 400 பாக்கெட். நகைக்கடனிலோ பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் அசலையே கட்டச் சொல்வார்கள். முதல் வருடத்தில் எந்தப் புதிய தொழிலாலும் தாங்க முடியாத சுமை இது.

அலுவலகத்தில் சும்மா வாங்கிச் சாப்பிட்டவர்களின் பாராட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முழு விலை கொடுத்து வாங்கிய முன்பின் தெரியாதவர், மாவு தீர்ந்ததும் தானாகவே மறுபடி கேட்கிறாரா என்பதுதான் கேள்வி. அதை அறிய 50,000 ரூபாய் போதும். பக்கத்து மாவு மில்லில் கூலிக்கு அரையுங்கள். குடியிருப்புகளிலும் வாரச் சந்தையிலும் நேரடியாக விற்றால் கடைக்காரரின் 45 ரூபாய் உங்களிடமே நிற்கும். வாங்கியவர் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நூறு பேரில் நாற்பது பேராவது இரண்டு மாதத்துக்குள் திரும்ப வந்தால் உங்கள் மாவுக்குச் சந்தை இருக்கிறது என்று நான் நம்புவேன்.

வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். முதல் பாக்கெட்டை விற்கும் முன்பே வாங்கிவிடுங்கள். லேபிளில் 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று அச்சடிக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம், நம்பிச் சாப்பிடுகிறவருக்கும் கேடு.

இயந்திரத்துக்கு அவசரப்படாதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பெண்களுக்குத் தொழிலின் திட்டச் செலவில் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35 சதவீதம் மானியம்; நீங்கள் போட வேண்டிய சொந்தப் பங்கு 5 சதவீதம். ஆனால் அது புதிய தொழில்களுக்கு மட்டும். நகையை அடகு வைத்து இயந்திரத்தை நிறுவிவிட்டுப் போய் நின்றால் மானியம் கிடைக்காது. மானியத் தொகையும் உடனே கைக்கு வராது, மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருக்கும். விற்பனையைத் தொடங்கும் முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், திட்டத்தின் இப்போதைய நிலையையும், சோதனை விற்பனையால் தகுதி போகுமா என்பதையும், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை எப்போது செய்வது என்பதையும் கேளுங்கள். அந்தப் பதிவு முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். பக்குவத்தைச் செம்மைப்படுத்த தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தையும் அணுகலாம். இரண்டிலும் தொழில்முனைவோருக்கான மையங்கள் உள்ளன.

வைப்புத்தொகையில் 2 லட்சத்து 40 ஆயிரம் உங்கள் ஆறு மாதக் குடும்பச் செலவு. தொழில் எவ்வளவு சூடுபிடித்தாலும் அதில் கை வைக்காதீர்கள். எல்லாச் செலவும் போக, தொடர்ந்து ஆறு மாதம் 15,000 ரூபாயாவது நின்றால், அப்போது வேலையை விடுவது பற்றிக் கணவரோடும் மாமியாரோடும் உட்கார்ந்து பேசுங்கள். பக்குவம் மாமியாருடையது, அவருக்கும் மாதந்தோறும் ஒரு பங்கு ஒதுக்கிக் கணக்கில் எழுதுங்கள்.