ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. மணலியில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் மூலம் எட்டு வருடமாக ஃபிட்டர் வேலை. சம்பளம் 18,000 ரூபாய், இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிறார்கள். போன மாதம் திடீர் மாரடைப்பு. பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தோம். 1,90,000 ஆனது. அதில் 80,000 அஞ்சு வட்டிக்கு வாங்கியது, மீதி சொந்தக்காரர்கள் கொடுத்தது. மூன்று மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்கிறார் டாக்டர். குழு லோன் இரண்டுக்கும் சேர்த்து மாதம் 4,200, வாடகை 6,500. கையில் நாலு பவுன் இருக்கிறது. "ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பி.எஃப். மொத்தமும் உடனே வந்துவிடும்" என்கிறார் சூப்பர்வைசர். என்ன செய்யட்டும்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ராஜினாமா கடிதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. அவர் சொல்வதுபோல மொத்தப் பணமும் உடனே வராது. வேலையில் இருந்துகொண்டே நோய்ச் செலவுக்கு பி.எஃப். முன்பணம் எடுக்கலாம், அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் இதையும் சொல்லியாக வேண்டும்: பணியில் இருக்கும் பி.எஃப். உறுப்பினருக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு. வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

ஆஸ்பத்திரி பில்லை எப்படியோ கட்டிவிட்டீர்கள். இனி உங்கள் வீட்டை அழுத்தப்போவது மாதாமாதம் விழும் துண்டுதான். அதை அடைக்க முதல் வழி இ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணம். சம்பளச் சீட்டில் 135 ரூபாய் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அவருடைய சந்தா. சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஒரு நாள் சம்பளம் 600 என்று வைத்தால் நாளுக்கு 420, 91 நாளுக்கு 38,220 ரூபாய். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது.

பலருக்கு இது கைக்கு வராமல் போவது சான்றிதழால்தான். தனியார் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியைக் கம்பெனியில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது போதாது. உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டரிடம் காட்டி, அவர் தரும் மருத்துவச் சான்றிதழை இடைவெளி விடாமல் வாங்கிக் கிளை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே கழிந்த நாட்களுக்குத் தனியார் சான்றையும் மாற்று ஆதாரமாகக் கொடுத்துக் கேளுங்கள். அடுத்த சிக்கல் கான்ட்ராக்டர் மாறும்போது வருவது. பழைய இ.எஸ்.ஐ. எண்ணை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுவிடுவார்கள். உரிய ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா வேண்டும். இரண்டு எண்ணில் சிதறினால் கணக்கு குறையும். அப்படி இருந்தால் இரண்டையும் இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

எக்கோ ரிப்போர்ட்டை எடுத்து 'இ.எஃப்.' என்று எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. மாரடைப்புக்குப் பிறகு அது 45-க்குக் கீழே இருந்தால் 91 நாளோடு நிற்காது. நீண்டகால நோய்ப் பட்டியலில் சேர்த்து, 80 சதவீதம் வரை கூடுதல் காலத்துக்குத் தருவார்கள். இரண்டு வருடச் சேவையும், முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாள் சந்தாவும் வேண்டும். எட்டு வருட வேலைக்கு இது இருக்க வேண்டும்.

கட்டிய பில்லில் ஒரு பகுதியையும் கேட்கலாம். அவசர நிலையில் சேர்த்ததற்கான டாக்டர் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்களோடு மருந்தகத்தில் மனு கொடுங்கள். அரசு கட்டண அளவுக்குள்தான் தருவார்கள், தாமதமும் ஆகும். அதை நம்பிப் புதுக் கடன் வாங்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000. உங்கள் கணவர் சம்பளம் 2,16,000, அதனால் இ.எஸ்.ஐ.தான் உங்களுக்கு வழி.

அஞ்சு வட்டியை இந்த வாரமே முடியுங்கள். 80,000-க்கு மாதம் 4,000 வட்டி மட்டும் போகிறது, அசல் அப்படியே நிற்கும். நகையை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்தால் மாதம் 1 சதவீதம் என்று வைத்தாலும் 800 ரூபாய்தான். நாலு பவுனுக்கு அதிகம் தருகிறேன் என்றாலும் 80,000-க்கு மேல் வாங்காதீர்கள். பணத்தைக் கொடுக்கும்போதே கையெழுத்துப் போட்ட பிராமிசரி நோட்டு, வெற்றுச் செக் இரண்டையும் திரும்ப வாங்குங்கள். "அப்புறம் தர்றேன்" என்றால் பணமும் அப்புறம்தான். மிரட்டினால் போலீஸில் புகார் கொடுங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் குற்றம்.

அதே வாரத்தில் பி.எஃப். முன்பணத்துக்கு ஆன்லைனில் படிவம் 31 போடுங்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் பி.எஃப்.-இல் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் நிராகரித்துவிடுவார்கள், அதை முதலில் சரி செய்யுங்கள். வரும் பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும். சொந்தக்காரர்களுக்குக் கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கலாம்.

குழு லோனுக்குத் தவணை தவறும் முன்பே டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு கிளை மேலாளரைப் பார்த்து, தவணையை மாற்றி அமைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஒரு குழுவின் தவணைக்காக இன்னொரு குழுவில் சேராதீர்கள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

காசை மிச்சம் பிடிக்க ஸ்டென்ட்டுக்கான ரத்தம் உறையாத மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டி மறுபடி மாரடைப்பு வரலாம். அந்த மாத்திரைகளை இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். அங்கே இருப்பு இல்லாத நாளில் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ அதே மருந்தின் ஜெனரிக் வகை குறைந்த விலைக்குக் கிடைக்கும். மாற்றும் முன் சீட்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.