காக்கா ஆழி, செத்த ஆமை, சினை மீன்: வடசென்னை வாசகர்களுக்குச் சில பதில்கள்

மீன்பிடித் தடைக்காலத் தேதியை மீன் சொன்னதா, அதிகாரி சொன்னாரா? (காசிமேடு)

பாதிக்குப் பாதி. நம் கிழக்குக் கரையில் முன்பு 45 நாள்தான், இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன்வள ஆய்வாளர்கள் ஏலக் கூடத்தில் மீன் வாங்கி, வயிற்றை அறுத்து, எந்த மாதம் சினை முற்றுகிறது என்று குறித்துக்கொண்டே வருவார்கள், அந்தக் கணக்கும் இதில் இருக்கிறது. ஆனால் இது வெப்பக்கடல், எல்லா மீனும் ஒரே மாதத்தில் முட்டையிடாது, எந்த 61 நாளைத் தேர்ந்தாலும் ஏதாவது ஒரு மீன் விடுபடும். என்னைக் கேட்டால், இரண்டு மாதம் விசைப்படகுகளின் இழுவை மடி வலை கடலடியைச் சுரண்டாமல் இருப்பதுதான் பெரிய லாபம். அப்புறம், ஒரு சாண் வஞ்சிரக் குஞ்சை மலிவு என்று வாங்காதீர்கள், அது ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது.

2025 ஜனவரியில் கரையெல்லாம் செத்த ஆமைகள். கடலில் விஷமா? (திருவொற்றியூர்)

விஷம் இல்லை, மூச்சுத் திணறல். பங்குனி ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். வலைக்குள் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகும். முட்டையிட வரும் ஆமைகள் கரையோரமாகக் கூடுகிற நாட்கள் அவை. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைல் தள்ளித்தான் வலை இழுக்க வேண்டும் என்று விதி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் இரவிரவாக நடந்து முட்டைக் குழிகளையும் செத்த ஆமைகளையும் எண்ணி வருகிறார்கள். அந்தப் பழைய நோட்டுகள் இருந்ததால்தான் 'இது வழக்கமான சாவு இல்லை' என்று உடனே சொல்ல முடிந்தது. ஆமை தப்பிக்க வலையில் பொருத்தும் கம்பிச் சட்டத்தை நம் படகுகள் வைக்கவில்லை என்று 2019 முதல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதில்லை. அந்தக் கம்பிச் சட்டம் வழியாக மீனும் கொஞ்சம் தப்பிவிடுகிறது என்று படகுக்காரர்கள் சொல்வதும் முழுப் பொய் இல்லை.

காக்கா ஆழி என்கிற வெளியூர்ச் சிப்பி ஆற்றில் பரவுகிறது என்று நாங்கள் கத்தியபோது யாரும் கேட்கவில்லை. ஆராய்ச்சிக்காரர் வந்து பெயர் சொன்ன பிறகுதான் கேட்டார்கள். ஏன்? (எண்ணூர்)

கோபம் நியாயம்தான். ஆற்றடியில் பாய் விரித்த மாதிரி அது படர்ந்து, கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களின் பிழைப்பைக் கெடுப்பதை முதலில் பார்த்தவர்கள் நீங்கள். அதன் ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கரைகள். சரக்கில்லாத கப்பல் எடைக்காக ஏற்றிக்கொள்ளும் கடல்நீரில் குஞ்சாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த நீரைச் சுத்தப்படுத்தாமல் கொட்டக் கூடாது என்று 2004-ல் உலக நாடுகள் ஒப்பந்தம் எழுதின. அது நடைமுறைக்கு வரவே 2017 ஆகிவிட்டது! சரி, இனி என்ன செய்யலாம்? தேதி, இடம், அன்று கிடைத்த இறாலின் எடை, ஒரு போட்டோ. ஒரு சாதாரண நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் 'முன்பெல்லாம் கூடை கூடையாக வரும்' என்பது வெறும் பேச்சு, மூன்று வருட நோட்டு என்றால் சாட்சி.

மெரினாவில் மணல் பரந்து கிடக்கிறது, எங்கள் கரையை மட்டும் கடல் தின்கிறதே? (ராயபுரம்)

வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா வளர்ந்தது, வடக்கே கரை போனது. தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் சுவர்) போட்டால் அந்த இடம் தப்பிக்கும், அதற்கு வடக்கே இருக்கிற குப்பம் மாட்டிக்கொள்ளும்.

மகள் கடல் படிப்புதான் வேண்டும் என்கிறாள். (தண்டையார்பேட்டை)

நல்லது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் தெரிந்தவர் ஃபைபர் போட்டில் ஒருமுறை கூட்டிப் போங்கள், வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் ஏறுகிறாளா என்று பாருங்கள்.