டெஸ்க்டாப் எங்கே இருக்கிறது? எக்செல் மேக்ரோ கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பலவற்றின் சாரம் ஒன்றுதான்: "என் கம்ப்யூட்டரில் ஓடுகிற மேக்ரோ அடுத்தவர் கம்ப்யூட்டரில் படுத்துவிடுகிறது." (மேக்ரோ என்பது எக்செல் வேலைகளைத் தானாகச் செய்ய நாம் எழுதும் சிறு நிரல்.) பிரித்துப் பார்த்தால் ஏதாவது ஒரு ஃபோல்டரின் பாதைதான், அதாவது அது இருக்கும் இடத்தின் முழு முகவரிதான், காரணமாக இருக்கிறது. அதனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்திலேயே அடியுங்கள்.

கே: சம்பள ஷீட்டின் பிரதி ஒன்றை டெஸ்க்டாப்பில் சேவ் செய்ய மேக்ரோ எழுதினேன். அலுவலகத்தில் ஆறு பேருக்கு ஒழுங்காக ஓடுகிறது. ஒருவருக்கு மட்டும் எரர் எதுவும் வராமல் முடிகிறது, ஆனால் டெஸ்க்டாப்பில் ஃபைலைக் காணோம். (ஈரோடு)

ப: ஃபைல் தொலையவில்லை, வேறொரு டெஸ்க்டாப்பில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய கோடில் என்விரான் ஃபங்ஷனிடம் (விண்டோஸ் வைத்திருக்கும் விவரங்களை எடுத்துத் தருவது) யூசர்புரொஃபைலை, அதாவது பயனரின் சொந்த ஃபோல்டர் பாதையை, கேட்டு வாங்கி, அதன் வாலில் "\டெஸ்க்டாப்" என்று நீங்களே ஒட்டியிருக்கிறீர்கள். முன்பாதி விண்டோஸ் சொன்ன பதில். ஒட்டிய வால் உங்கள் ஊகம்.

அந்த ஒருவரின் கணினியில் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) பேக்கப் ஆன் ஆகியிருக்கும். அதை ஆன் செய்து டெஸ்க்டாப், டாக்யுமென்ட்ஸ் போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தால் அவை ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபோய்விடும். சி:\யூசர்ஸ்\மாலா\டெஸ்க்டாப் என்று இருந்தது சி:\யூசர்ஸ்\மாலா\ஒன்டிரைவ்\டெஸ்க்டாப் ஆகிவிடும். அலுவலகக் கணக்கு என்றால் ஒன்டிரைவ் என்ற பெயரோடு நிறுவனத்தின் பெயரும் சேர்ந்துகொள்ளும். பழைய டெஸ்க்டாப் ஃபோல்டர் அழியாமல் மிஞ்சியிருந்தால், மேக்ரோ அதில் எழுதிவிட்டுச் சத்தமில்லாமல் முடிந்துவிடும். உங்கள் நண்பருக்கு நடந்தது இதுதான். எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பழைய பாதையை அடித்துப் பாருங்கள், மாதாமாதம் சேவ் ஆனதெல்லாம் அங்கே வரிசையாக இருக்கும்.

சரி, தீர்வு. கிரியேட்ஆப்ஜெக்ட் கொண்டு டபிள்யூஸ்கிரிப்ட் டாட் ஷெல் என்ற ஆப்ஜெக்டை உருவாக்கி, அதன் ஸ்பெஷல்ஃபோல்டர்ஸிடம் "டெஸ்க்டாப்" என்று கேளுங்கள். ஒன்டிரைவில் இருந்தாலும், டி டிரைவுக்கு மாற்றியிருந்தாலும், நெட்வொர்க் சர்வரில் இருந்தாலும் அந்த நேரத்து உண்மையான பாதை வரும். டாக்யுமென்ட்ஸ் வேண்டுமென்றால் "மைடாக்யுமென்ட்ஸ்" என்று இடைவெளி இல்லாமல் கேட்க வேண்டும்.

இதில் கைவழுக்கும் இடங்கள் இரண்டு. கிடைக்கிற பாதையின் கடைசியில் பேக்ஸ்லாஷ் இருக்காது. அதை நீங்கள் சேர்க்க மறந்து, நேரே ஃபைல் பெயரை ஒட்டினால் "டெஸ்க்டாப்சம்பளம்" என்ற விசித்திரப் பெயரில் ஒரு ஃபைல், ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம், பெயரைத் தப்பாகக் கேட்டால் எரர் வராது, வெற்று ஸ்ட்ரிங்தான் (ஓர் எழுத்தும் இல்லாத பதில்) வரும். அதனால் வாங்கியதும் அதன் நீளம் பூஜ்யமா என்று ஒரு வரியில் சோதித்துவிடுங்கள்.

கே: அதே முறையில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் கேட்டால் ஒன்றுமே வருவதில்லையே? வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் அங்கேதான் இறங்குகிறது. (மதுரை)

ப: வராது. ஸ்பெஷல்ஃபோல்டர்ஸ் விண்டோஸ் 98 காலத்துச் சரக்கு. அப்போது ஒவ்வொரு பயனருக்கும் தனியாக டவுன்லோட்ஸ் என்ற ஏற்பாடே கிடையாது. அது விஸ்டாவில் வந்தது, பழைய பட்டியலில் யாரும் அதைச் சேர்க்கவில்லை.

இதற்கு ஷெல் டாட் அப்ளிகேஷன் என்ற இன்னொரு ஆப்ஜெக்ட் இருக்கிறது. அதன் நேம்ஸ்பேஸிடம் "ஷெல்:டவுன்லோட்ஸ்" என்று கேட்டு, வருகிற ஃபோல்டரின் செல்ஃப் டாட் பாத் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: "ஷெல்:டவுன்லோட்ஸ்" என்பதை ஒரு வேரியபிளில் வைத்துக் கொடுப்பதானால், அது ஸ்ட்ரிங் வகையாக இருக்கக் கூடாது, வேரியன்ட்டாக (எந்த வகை மதிப்பையும் ஏற்பது) அறிவியுங்கள். ஸ்ட்ரிங்காக இருந்தால் நேம்ஸ்பேஸ் நத்திங் (ஒன்றுமில்லை) என்று திருப்பித் தரும், அடுத்த வரியில் எரர் 91 வரும். கோடில் தப்பே தெரியாது, ஆனால் ஓடாது. இதற்காக ஒரு முழு மாலையை இழந்திருக்கிறேன், உங்களுக்கு அது வேண்டாம்.

ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் இடம்) ஷெல் ஃபோல்டர்ஸ் என்ற இடத்திலிருந்து படிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த இடத்தைத் திறந்து பார்த்தால் முதல் வரியே "இந்தக் கீயைப் பயன்படுத்தாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் மைக்ரோசாஃப்ட் எழுதி வைத்திருப்பது தெரியும். அவர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது.

கே: மேக்ரோ இருக்கும் அதே ஃபோல்டரில் உள்ள மற்ற ஃபைல்களைப் பட்டியலிட, திஸ்ஒர்க்புக் டாட் பாத் பயன்படுத்துகிறேன். புது லேப்டாப்பில் ஃபோல்டருக்குப் பதில் இணைய முகவரி ஒன்று வருகிறது. டிர் ஃபங்ஷன் எரர் 52 கொடுக்கிறது. (கொழும்பு)

ப: உங்கள் ஃபைல் ஒன்டிரைவில் சிங்க் ஆகிற ஃபோல்டரில் இருக்கிறது. டிஸ்க்கிலும் ஒரு பிரதி இருந்தாலும், எக்செல் தன் கணக்கில் அதை மேகத்திலிருந்து (இணையச் சேமிப்பிலிருந்து) திறந்ததாகவே வைத்துக்கொள்ளும். அதனால்தான் டி டாட் டாக்ஸ் டாட் லைவ் டாட் நெட் என்று முகவரி தொடங்குகிறது. ஒர்க்புக்ஸ் டாட் ஓப்பனுக்கு இந்த முகவரியே போதும். டிர் போன்ற பழைய கட்டளைகளுக்குத்தான் டிஸ்க்கில் உள்ள பாதை வேண்டும்.

சொந்தக் கணக்கென்றால் மாற்றுவது எளிது. முகவரியில் நான்காவது சாய்கோடு வரை வெட்டிவிட்டு, மீதியில் உள்ள சாய்கோடுகளை பேக்ஸ்லாஷாக மாற்றி, முன்னால் என்விரானிடம் "ஒன்டிரைவ்" என்று கேட்டு வாங்கிய பாதையையும் ஒரு பேக்ஸ்லாஷையும் சேர்த்துவிடுங்கள். ஃபைல் ஒன்டிரைவின் வாசலிலேயே, எந்த உள்ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் இருந்தால் நான்காவது சாய்கோடே இருக்காது. அதற்கும் ஒரு இஃப் போட்டுக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கணக்கில், அதிலும் பலர் பகிர்ந்துகொள்ளும் ஷேர்பாயின்ட் நூலகத்தில், இந்த வெட்டி ஒட்டும் வேலை சரிவராது. முகவரியில் உள்ள பெயர் ஒன்றாகவும் டிஸ்க்கில் உள்ள பெயர் வேறாகவும் இருக்கும். அங்கே நம்பக்கூடியது ரெஜிஸ்ட்ரிதான். தற்போதைய பயனர் பகுதியில் சாஃப்ட்வேர், சிங்க்இன்ஜின்ஸ், புரொவைடர்ஸ், ஒன்டிரைவ் என்று இறங்கிப் போனால், சிங்க் ஆகும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பதிவு இருக்கும். அதில் யுஆர்எல்நேம்ஸ்பேஸ் என்பது இணைய முகவரி, மவுன்ட்பாயின்ட் என்பது டிஸ்க் பாதை. உங்கள் முகவரி எதில் தொடங்குகிறதோ அதன் மவுன்ட்பாயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்டிரைவ் செட்டிங்ஸில், ஆபீஸ் ஃபைல்களை ஆபீஸ் செயலிகளே சிங்க் செய்யும் தேர்வை அணைத்தாலும் பாதை பழையபடி டிஸ்க் பாதையாகிவிடும். ஆனால் ஆட்டோசேவ் போய்விடும், பலர் ஒரே நேரத்தில் திருத்துவதும் போய்விடும். ஒரு மேக்ரோவுக்காக அவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கே: லேப்டாப்பில் என் பெயரை மாற்றினேன். சி:\யூசர்ஸ் என்பதோடு யூசர்நேமைச் சேர்த்து எழுதிய மேக்ரோ ஓடவில்லை. (திருச்சி)

ப: கணக்கின் பெயர் மாறினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து விண்டோஸ் நிறுவியிருந்தால் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துகள்தான் பெரும்பாலும் ஃபோல்டர் பெயராக இருக்கும். யூசர்நேமைத் தொடவே வேண்டாம், யூசர்புரொஃபைல் கேளுங்கள்.

கே: அப்பாவின் கணினியில் பயனர் பெயரையே "முருகன்" என்று தமிழில் வைத்திருக்கிறோம். மேக்ரோவில் யூசர்புரொஃபைல் கேட்டால் அந்த இடத்தில் ஏழு கேள்விக்குறிகள் வருகின்றன. பெயரை ஆங்கிலத்தில் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். (தஞ்சாவூர்)

ப: மாற்றாதீர்கள். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முதலில் அந்த ஏழைப் பாருங்கள். முருகன் நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என்று ஏழு. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறியாகிவிட்டது. காரணம், என்விரான் யூனிகோடுக்கு முந்தைய பழக்கத்தில், விண்டோஸின் சிஸ்டம் மொழிக்குரிய பழைய எழுத்துப் பட்டியல் வழியாகத்தான் பதிலைத் தரும். தமிழுக்கு அப்படிச் சிஸ்டத்தில் வைத்துக்கொள்ளும் பழைய பட்டியல் விண்டோஸில் இருந்ததே இல்லை. தமிழ் அங்கே யூனிகோடாகவே நுழைந்தது. பட்டியலில் இல்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிடுகிறது.

கேட்கும் ஆளை மாற்றினால் போதும். டபிள்யூஸ்கிரிப்ட் டாட் ஷெல்லின் எக்ஸ்பாண்ட்என்விரான்மென்ட்ஸ்ட்ரிங்ஸிடம், இரு பக்கமும் சதவீதக் குறி போட்ட யூசர்புரொஃபைலைக் கொடுங்கள். "முருகன்" முழுதாக வந்து சேரும். ஆனால் வந்ததா என்று பார்க்க மெசேஜ் பாக்ஸில் போட்டுவிடாதீர்கள். அதுவும், எடிட்டரின் இம்மீடியட் விண்டோவும் மறுபடி கேள்விக்குறிகளைத்தான் காட்டும், சரியான கோடைத் தப்பென்று நினைத்து அழித்துவிடுவீர்கள். ஒரு செல்லில் எழுதிப் பாருங்கள். செல் தமிழை அப்படியே காட்டும்.

பாதை கிடைத்த பிறகும் இதே பிரிவினை தொடரும். மேக்ரோ எழுதும் வி.பி.ஏ. மொழியின் சொந்தக் கட்டளைகளான டிர், ஓப்பன், கில், எம்கேடிர், ஃபைல்காப்பி இவற்றுக்குத் தமிழ்ப் பாதை புரியாது. எக்செல்லின் ஒர்க்புக்ஸ் டாட் ஓப்பன், சேவ்ஆஸ் இரண்டுக்கும் புரியும். ஃபைல்களையும் ஃபோல்டர்களையும் கையாளும் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்டுக்கும் புரியும். ஆகவே டிர் இருந்த இடங்களில் எல்லாம் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்டின் கெட்ஃபோல்டரைப் போட்டு, ஃபைல்ஸை ஒவ்வொன்றாக எடுங்கள். "சம்பளப் பட்டியல்" போன்ற தமிழ் ஃபோல்டர் பெயரை எடிட்டருக்குள் நேரடியாக எழுத முடியாது. அதை ஒரு செல்லில் வைத்து மேக்ரோ அங்கிருந்து படிக்கட்டும். இவ்வளவும் செய்தால் அப்பாவின் பெயர் அவர் கணினியில் தமிழிலேயே இருக்கலாம்.

கே: புரோகிராம்ஃபைல்ஸ் கேட்டால் எக்ஸ்86 என்று அடைப்புக்குறியோடு வருகிறது. (கோவை)

ப: உங்கள் ஆபீஸ் 32 பிட், விண்டோஸ் 64 பிட். 32 பிட் செயலி கேட்டால் விண்டோஸ் அதற்குரிய ஃபோல்டரைத்தான் காட்டும். 64 பிட் ஃபோல்டர் வேண்டுமென்றால் என்விரானிடம் "புரோகிராம்டபிள்யூ6432" என்று கேளுங்கள்.

கே: பர்சனல் ஒர்க்புக்கை பேக்கப் எடுக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது? (சேலம்)

ப: எக்செல்லிடமே கேட்கலாம். பர்சனல் ஒர்க்புக் (எக்செல்லைத் திறக்கும்போதே தானாகத் திறக்கும் மேக்ரோ ஃபைல்) இருக்கும் எக்ஸ்எல்ஸ்டார்ட் ஃபோல்டரை அப்ளிகேஷன் டாட் ஸ்டார்ட்அப்பாத் தரும். ஆட்இன்களுக்கு யூசர்லைப்ரரிபாத், டெம்ப்ளேட்களுக்கு டெம்ப்ளேட்ஸ்பாத். எல்லாம் ஆப்டேட்டாவுக்குள் ஒளிந்திருக்கும் இடங்கள், எக்ஸ்ப்ளோரரில் தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

கே: எங்கள் பள்ளியில் லினக்ஸும், எக்செல்லுக்குப் பதிலாக இலவச லிப்ரேஆபீஸ் கால்க்கும்தான். டபிள்யூஸ்கிரிப்ட் எல்லாம் அங்கே கிடையாதே? (நாகர்கோவில் ஆசிரியை)

ப: கிடையாதுதான். ஆனால் என்விரான் உண்டு, அதனிடம் "ஹோம்" கேட்டால் உங்கள் வீட்டு ஃபோல்டர் வரும். லிப்ரேஆபீஸுக்கென்று பாத்சப்ஸ்டிட்யூஷன் என்ற சேவையும் இருக்கிறது. டாலர் குறி, அடைப்புக்குறிக்குள் ஹோம், டெம்ப், யூசர் என்று கொடுத்தால் பாதை வரும். அது ஃபைல் என்று தொடங்கும் முகவரி வடிவில் வரும், கன்வர்ட்ஃப்ரம்யுஆர்எல் போட்டுச் சாதாரணப் பாதையாக்கிக்கொள்ளுங்கள். தமிழ் ஃபோல்டர் பெயர்கள் முகவரியில் சதவீதக் குறிகளாகச் சிதறிக் கிடந்தாலும் இந்த ஃபங்ஷன் அவற்றைத் திரும்பத் தமிழாக்கிவிடும்.

லினக்ஸில் டெஸ்க்டாப் ஃபோல்டருக்கு மொழிக்கேற்பப் பெயர் மாறலாம், டிஸ்க்கிலேயே மாறும். வீட்டு ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் "யூசர்-டிர்ஸ் டாட் டிர்ஸ்" என்ற சிறிய டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். அதில் எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் டிர் என்ற வரியைப் படித்து, டாலர் ஹோம் என்ற இடத்தில் உங்கள் வீட்டுப் பாதையை வையுங்கள். மாணவர்களோடு சேர்ந்து அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள், பத்து வரிதான்.

கே: பொது ஃபைல்கள் எனக்கு இசட் டிரைவ், பக்கத்து மேஜைக்கு ஒய் டிரைவ். மேக்ரோவில் எதை எழுதுவது? (சென்னை)

ப: இரண்டையும் எழுத வேண்டாம். உங்கள் கணினியில் ஒரு தடவை ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்டின் கெட்டிரைவிடம் இசட் டிரைவைக் கொடுத்து, ஷேர்நேம் கேளுங்கள். இரட்டை பேக்ஸ்லாஷில் தொடங்கும் சர்வர் பாதை வரும். அதை ஒரு செல்லில் வைத்துவிட்டால் எல்லா மேஜைக்கும் அதுவே பொருந்தும். சர்வரே ஆளுக்கு ஆள் வேறாக இருந்தால், முதல்முறை மட்டும் ஃபோல்டர் பிக்கரைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பதிலை சேவ்செட்டிங் கட்டளையால் அந்தப் பயனரின் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை கெட்செட்டிங் எடுத்துத் தரும். அந்த ஃபோல்டர் இன்னும் இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் மறுபடி பிக்கரைத் திறக்கட்டும்.