இல்லாத நாட்டுக்கு ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

மிகைபுனைவு நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் மக்களுக்கென்று ஒரு மொழியையும் உருவாக்கி வருகிறேன். கதையில் ஒன்பது நாடுகள். அந்த மொழியில் 'நேன்' என்றால் நிலம். ஆகவே எல்லா நாடுகளின் பெயருக்குப் பின்னாலும் 'நேன்' சேர்த்துவிட்டேன். படித்துப் பார்த்த என் தங்கை, ஒரே நூற்பாலையில் சுற்றிய கோன்களைப் போல இருக்கின்றன என்கிறாள். உலகப் பொதுமொழியாகச் செயற்கையாக உருவாக்கிய எஸ்பெராண்டோவில் நாட்டுப் பெயர்களை விதிப்படிதான் அமைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் செய்தால் சரி, நான் செய்தால் தவறா?

க., தாராபுரம்

அன்புள்ள க.,

உங்கள் தங்கை சொல்வதுதான் சரி. நாவலைத் தொடர்ந்து அவரிடமே காட்டுங்கள்.

எஸ்பெராண்டோவில் விதி இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கும் இரண்டு விதிகள். சாமன்ஹோஃப் 1887-ல் வார்சாவில் வெளியிட்ட அந்த மொழியில் பெயர்ச்சொற்கள் எல்லாம் 'ஓ'வில் முடியும். பிரெஞ்சுக்காரர் 'ஃபிரான்ட்சோ'; அவருடைய நாடு 'ஃபிரான்ட்சுயோ'. நடுவில் நுழைந்திருக்கும் 'உய்' என்பது ஒரு பொருளை இட்டு வைக்கும் கலத்தைக் குறிக்கும் விகுதி. பணம் 'மோனோ', பணப்பை 'மொனுயோ'. சர்க்கரை 'சுகேரோ', சர்க்கரைக் கிண்ணம் 'சுகெருயோ'. அந்தக் கணக்கில் பிரான்ஸ் என்பது பிரெஞ்சுக்காரர்களைப் போட்டு மூடிவைத்த டப்பா. சிரிப்பதற்கு முன் 'தமிழகம்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நூல்கள் இருப்பது நூலகம், தமிழர் இருப்பது தமிழகம். நம்முடையதும் கலம்தான், கொஞ்சம் பழையது என்பதால் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது விதி தலைகீழ். கனடா 'கனாதோ'. அங்கே வாழ்பவர் 'கனதானோ'. இங்கே மண் முதலில் வருகிறது, மனிதர் அதிலிருந்து பிறக்கிறார். அந்த 'ஆன்' விகுதி ஏறக்குறைய நம் 'காரர்': ஈரோடு, ஈரோட்டுக்காரர்.

எந்த நாட்டுக்கு எந்த விதி? ஐரோப்பா முதலிய பழைய உலகத்து நாடுகள் பெரும்பாலும் மக்களின் பெயரிலிருந்து வருகின்றன. அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் மண்ணின் பெயரிலிருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பார்வை அப்படியே இலக்கணத்தில் உறைந்திருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். பழைய நாடுகளில் இனங்கள் வாழ்கின்றன, புதிய நாடுகளில் குடியேறிகள் இருக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த பூர்வகுடிகளை அந்த விகுதி கேட்கவே இல்லை.

விதி போகப்போக இடறவும் செய்கிறது. 'இரானோ' என்றால் ஈரான். 'ஆனோ' என்று முடிவதால் புதிதாகப் படிப்பவர் அதை ஓர் ஆள் என்று நினைத்துக்கொள்வார். ஆள் வேண்டுமென்றால் 'இரனானோ' என்று இன்னொரு முறை சுற்ற வேண்டும். இந்தியா 'ஹிந்துயோ'. கலமாக இருப்பது பிடிக்காதவர்கள் 'உய்' இருந்த இடத்தில் 'இ' வைத்தார்கள், 'ஹிந்தியோ' ஆயிற்று. இப்போது அந்தப் பழக்கம்தான் பரவலாக இருக்கிறது. ஆனால் நம் காதில் அது ஒரு மொழியின் பெயராக விழுகிறது. பாரதம் என்பதிலிருந்து 'பராத்தோ' என்றும் சொல்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மலிவானது என்று பொருள். நமக்கோ பசி எடுக்கும்.

ஆனால் கலத்தை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். சாமன்ஹோஃப் பிறந்த பியாவிஸ்டோக் நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. அவர் தன் முதல் நூலை வெளியிட்டபோது போலந்து என்று ஒரு தனி அரசு கிடையாது. ரஷ்யாவும் பிரஷியாவும் ஆஸ்திரியாவும் 1795-ல் அதை முழுவதுமாகப் பங்கு போட்டு முடித்திருந்தன. 1918-ல்தான் அது மீண்டும் எழுந்தது. எஸ்பெராண்டோவுக்கோ சிக்கலே இல்லை. போலந்து மக்கள் 'போலோ' என்றால் அவர்கள் வாழும் இடம் 'போலுயோ'. மக்கள் இருக்கும்வரை வரைபடத்தின் அனுமதி தேவைப்படாத பெயர் அது.

உங்களைப் போலவே எல்லாவற்றுக்கும் 'நிலம்' சேர்க்கும் மொழியும் ஒன்று உண்டு. 2001-ல் சோன்யா லாங் வெளியிட்ட டோக்கி போனா. அதில் 'மா' என்றால் நிலம். (தஞ்சாவூர்க்காரர்கள் மகிழலாம், அவர்களுக்கு மா ஒரு நில அளவை.) அதற்குப் பின்னால் அந்தந்த நாட்டவர் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் பெயர் வரும், அந்த மொழியில் மொத்தமே இருக்கும் 14 எழுத்துகளுக்குள் நசுங்கி. பாரதம் 'மா பலாத்தா', ஜப்பான் 'மா நியோன்'. தலை ஒன்றுதான், உடல்கள் வேறு வேறு. உங்கள் ஒன்பதில் உடலும் நீங்களே செய்தது, அதுதான் சிக்கல்.

இதற்கு அகராதி வேண்டாம். தாராபுரம் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்று பெயர்ப்பலகைகளைப் படியுங்கள். மூலனூர், அலங்கியம், குண்டடம், வெள்ளகோவில், ஏதோ ஒரு பாளையம், ஏதோ ஒரு வலசு. பாளையம் என்றால் படை தங்கிய இடம். வலசு என்பதை வலசை போவதோடு சேர்த்து விளக்குவார்கள், இடம் பெயர்ந்து வந்து அமர்ந்தவர்களின் ஊர். வெள்ளகோவிலில் ஊரே ஒரு கோயிலுக்குப் பின்னால் நிற்கிறது. ஒரே வட்டாரத்தில் படை, பயணம், சாமி என்று பெயருக்கு எத்தனை காரணங்கள். கோபிசெட்டிபாளையத்தை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, கோபி போதும். உங்கள் நாடுகள் ஒன்றுகூட அப்படித் தேயவில்லை. சந்தைக்குப் போகிற மக்கள் அந்தப் பெயர்களை ஒருமுறைகூட அவசரமாக உச்சரிக்கவில்லையா?

என் அமிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, உலகத்தில் இருந்த அயல்நாடு ஒன்றே ஒன்று: சீமை. விளக்குக்கு ஊற்றியது சீமை எண்ணெய், கூரையில் வேய்ந்தது சீமை ஓடு, வேலியில் முளைத்தது சீமைக் கருவேலம். சின்ன வயதில் நான் உலகப் படத்தைத் தரையில் விரித்து, இதில் சீமை எது என்று கேட்டேன். அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு, கடலைத் தாண்டி இருப்பதெல்லாம் என்றார். தேநீரில் தினமும் சீனியைப் போட்டுக்கொண்டே சொன்னார். அந்தச் சொல்லுக்குள் சீனம் இருப்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

உங்கள் கதை மக்களுக்கும் அப்படி ஒரு சீமை வேண்டும். ஒன்பது நாடுகளின் பெயரும் எல்லோருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை. மலைமேல் இருக்கும் நாட்டின் உப்பு வியாபாரிக்கு மூன்று தெரிந்தால் அதிகம். அந்த மூன்றிலும் ஒன்றை அவன் அங்கிருந்து வரும் துணியின் பெயரால்தான் அறிந்திருப்பான்.

ஒன்பதையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். போரில் தோற்ற நாட்டை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வென்றவர்கள் அதற்கு வைத்த பெயர் ஒன்று, அடுப்படியில் அமர்ந்து அந்த ஊர்க் கிழவி சொல்லும் பெயர் இன்னொன்று. இரண்டையும் எழுதி அனுப்புங்கள். 'நேன்' எதில் வருகிறது என்று பார்ப்போம்.