அண்மையில் என்ன படித்தீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அண்மைக்காலத் தமிழ் நாவல்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: தயங்காமல் சொல்வேன், இமையத்தின் 'செல்லாத பணம்'. 2018இல் வெளிவந்தது. பொறியியல் படித்த ரேவதி, வீட்டார் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். பிறகு தீக்காயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறாள். நாவலின் பெரும்பகுதி, உள்ளே அவள் கிடக்க வெளியே காத்திருப்பவர்களின் பேச்சுதான். அப்பா நடேசன் தலைமை ஆசிரியர். எவ்வளவு செலவானாலும் கட்டத் தயாராக நிற்கிறார். அந்தப் பணத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவருக்குப் புரியப் புரிய, படிக்கும் நமக்கு நெஞ்சை அடைக்கிறது. பாசம், ஆத்திரம், குற்றவுணர்வு எல்லாம் உரையாடல் வழியாகவே வெளிப்படுகின்றன. உரையாடல்கள் நீளம் என்று சிலர் குறைசொல்கிறார்கள். எனக்கு அந்த நீளம் வேண்டியிருந்தது. மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் சொன்னதையேதான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

கேள்வி: விருது வாங்கிய நூல்களை மட்டும் படித்தால் போதாதா?

பதில்: போதாது. விருது எப்போதும் தாமதமாகத்தான் வரும். சாகித்திய அகாதெமியின் விதியையே பாருங்கள்: விருது ஆண்டுக்கு முந்தைய ஓராண்டை விட்டுவிட்டு, அதற்கும் முந்தைய 5 ஆண்டுகளில் வந்த நூல்களைத்தான் பரிசீலிக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு விருதுக்கு 2014 முதல் 2018 வரை வந்தவை. 'செல்லாத பணம்' அந்த விருதைப் பெற்றது அப்படித்தான். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' 2020இல் வந்த நாவல். 2023க்கான விருது அறிவிக்கப்பட்ட பிறகுதான் பலர் அதைக் கையில் எடுத்தார்கள். கொங்கு நாட்டுக் குடிநாவிதர்களின் வாழ்வை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன ஒரு நாவலை அத்தனை காலம் தவறவிட்டது நமக்குத்தான் இழப்பு.

கேள்வி: பாதியில் நிறுத்திவிடலாமா? குற்றவுணர்வாக இருக்கிறது.

பதில்: தாராளமாக நிறுத்துங்கள். நிறுத்திய பக்கத்தை மட்டும் குறித்து வையுங்கள். சில நூல்கள் வேறொரு வயதில் திறந்துகொள்ளும்.

கேள்வி: தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்குக்கு நோபல் கிடைத்த பிறகு அவருடைய 'மரக்கறி' நாவலைப் படித்தேன். கதாநாயகி மனத்துக்குள் நுழையவே முடியவில்லை. எனக்குத்தான் புரியவில்லையா?

பதில்: நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். நாவலின் அமைப்பே அது. மூன்று பகுதிகள். முதலில் கணவன், அடுத்து அக்காவின் கணவன், கடைசியில் அக்கா. இந்த மூவரின் கண்வழியாகத்தான் யோங்ஹேவைப் பார்க்கிறோம். அவளுடைய சொந்தக் குரல் முதல் பகுதியில், இடையிடையே வரும் கனவுத் துண்டுகளில் மட்டும் கேட்கிறது. இறைச்சி வேண்டாம் என்று அவள் சொன்னதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் கற்பிக்கிறார்கள். அவளிடம் கேட்டுப் புரிந்துகொள்ளும் பொறுமை யாருக்கும் இல்லை. உங்களுக்கு ஏற்பட்ட தவிப்பை ஏற்படுத்தத்தான் ஆசிரியர் அப்படி எழுதியிருக்கிறார். முடிந்தால் மூன்றாம் பகுதியை மட்டும் மறுபடி படியுங்கள். மூவரில் அக்கா ஒருத்திதான் தங்கையைப் பார்க்கப் பார்க்கத் தன்னையும் பார்க்கத் தொடங்குகிறாள்.

கேள்வி: 2024இல் புக்கர் வாங்கிய 'ஆர்பிட்டல்' நாவலில் கதையே இல்லை என்கிறார்களே?

பதில்: கதையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரே ஒரு நாள், பூமியைப் பதினாறு முறை சுற்றிவருகிறார்கள். கீழே ஒரு சூறாவளி திரள்கிறது. ஒருவருக்குத் தாய் இறந்த செய்தி வந்திருக்கிறது, ஊருக்குப் போக வழியில்லை. அந்தத் துக்கம் வரும் பக்கங்கள் எனக்கு மிகவும் பிடித்தன. நடுவில் வரும் வர்ணனைகள் சில ஒன்றுபோலவே தோன்றின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சமந்தா ஹார்வியின் இந்த நூல் சிறியது. இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம்.

கேள்வி: ஒரு நூல் பிடிக்கவில்லை என்று சொன்னாலே சண்டைக்கு வருகிறார்கள். எப்படித்தான் கருத்துச் சொல்வது?

பதில்: 'மொக்கை', 'அற்புதம்' இரண்டையும் விட்டுவிடுங்கள். எந்த இடத்தில் மனம் விலகியது, அந்த இடத்தைக் காட்டுங்கள். "இந்தப் பாத்திரம் இந்த அத்தியாயத்தில் இப்படி முடிவெடுத்ததை நம்ப முடியவில்லை" என்றால், எதிரில் இருப்பவர் அந்த அத்தியாயத்தைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். பாராட்டுக்கும் இதையே சொல்வேன். நூலுக்குள் இருந்து ஓர் இடத்தைக்கூட எடுத்துக்காட்டாத புகழுரையை நான் நம்புவதில்லை. எழுதியவரின் குணம், அரசியல், நட்பு வட்டம் ஆகியவற்றைப் பேசி முடித்துவிட்டு விமர்சனம் செய்துவிட்டதாக நினைப்பது நம்மிடம் மிகுந்துவிட்டது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி: நீண்ட நாவலுக்கு நேரமில்லை. சிறுகதையில் எதைத் தொடங்கலாம்?

பதில்: அம்பையின் 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை'. ஆங்கிலத்தில் படிப்பீர்கள் என்றால் பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லேம்ப்'. தீபா பாஸ்தி மொழிபெயர்த்த 12 கன்னடக் கதைகள். 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது, சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. ஒரு நாளைக்கு ஒரு கதைக்கு மேல் வேண்டாம். அடுத்தடுத்துப் படித்தால் ஒன்றின் வலி இன்னொன்றில் கரைந்துபோகிறது.