இரண்டாவது பவுன்ஸ் சலுகையா?

கேள்வி: பாராலிம்பிக்கின் பெண்கள் சக்கர நாற்காலி டென்னிஸைப் பற்றி எல்லோரும் பாராட்டியே எழுதுகிறார்கள். பந்து இரண்டு முறை தரையில் பட்ட பிறகும் அடிக்கலாம் என்ற சலுகை இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக நெதர்லாந்து என்ற ஒரே நாடுதான் தங்கம் வென்றிருக்கிறது. அனுதாபத்தை ஒதுக்கிவிட்டுச் சொல்லுங்கள், இது உண்மையான போட்டிதானா?

பதில்: ஒதுக்கிவிட்டே பேசலாம். அந்த வீராங்கனைகளும் அனுதாபத்தைக் கேட்கவில்லை.

ஆடுகளத்தின் நீள அகலம், வலையின் உயரம், பந்து எல்லாம் நின்று ஆடுபவர்களுக்கு உள்ளவையே. அதே வலைக்கு மேல் உட்கார்ந்தபடி சர்வீஸ் போட வேண்டும். அடிக்கும்போது இருக்கையை விட்டு எழக் கூடாது என்பதால் தலைக்கு மேல் போகும் பந்துக்கு எம்ப வழியில்லை. காலை ஊன்றி நாற்காலியை நிறுத்தவோ திருப்பவோ கூடாது. நாற்காலி உடலின் பகுதியாகவே கணக்கு. ஆட்டத்தில் பந்து சக்கரத்தில் உரசினால் புள்ளி எதிராளிக்குப் போகும்.

எல்லாவற்றையும் விடக் கடினம் நகர்வதுதான். நின்று ஆடுபவர் பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்துப் பந்தை எடுத்துவிடுவார். சக்கரம் பக்கவாட்டில் போகாது. திருப்பி, தள்ளி, மறுபடி திருப்ப வேண்டும். ஓடவும் அடிக்கவும் அதே இரண்டு கைகள், அதில் ஒன்றில் மட்டை வேறு. மட்டையைப் பிடித்தபடியே அந்தக் கையாலும் சக்கரத்தைத் தள்ளுகிறார்கள். அடித்துவிட்டு அப்படியே நின்றால் அடுத்த பந்துக்குப் போய்ச் சேர முடியாது என்பதால் சுழன்றுகொண்டே இருப்பார்கள். பந்தை விட்டுவிட்டு ஒரு வீராங்கனையின் கைகளை மட்டும் ஐந்து நிமிடம் கவனித்துப் பாருங்கள்.

இரண்டாவது பவுன்ஸுக்கும் விலை உண்டு. முதல் பவுன்ஸ் களத்துக்குள் விழ வேண்டும், இரண்டாவது வெளியே விழலாம். ஆனால் அதுவரை காத்திருந்தால் பந்து தாழ்ந்துவிடும், நீங்கள் களத்தின் பின் எல்லைக் கோடான பேஸ்லைனுக்கு வெகு பின்னால் இருப்பீர்கள், எதிராளி தன் இடத்துக்குத் திரும்பியிருப்பார். அதனால்தான் முன்னணி வீராங்கனைகள் முடிந்தபோதெல்லாம் முதல் பவுன்ஸிலேயே அடித்துவிடுகிறார்கள்.

சரி, நெதர்லாந்து விஷயம். உங்கள் தகவல் பெரும்பாலும் சரி, முடிவுதான் தவறு. 1992 பார்சிலோனா முதல் டோக்கியோ வரை பெண்கள் ஒற்றையர், இரட்டையர் தங்கம் எல்லாமே அவர்களுக்குத்தான். அந்நாட்டின் எஸ்தர் வெர்கீர் 2003 முதல் 2013-இல் ஓய்வு பெறும் வரை ஒற்றையரில் தொடர்ந்து 470 ஆட்டங்கள் வென்றார். எதிரே ஆளில்லாமல் வந்த கணக்கில்லை இது. 2008 பெய்ஜிங் இறுதிப் போட்டியில் சக நாட்டவர் கோரி ஹோமனிடம் மூன்றாவது செட்டும் சமநிலைக்கு வந்து, அதை முடிவு செய்யும் டைபிரேக்கர் வரை போராடித்தான் ஜெயித்தார்.

ஒரே நாடு ஜெயித்தது ஏன் என்பதை மற்ற நாடுகளிடம் கேளுங்கள். விளையாட்டுக்கென்று செய்த நாற்காலியும் பயிற்சியாளரும் எத்தனை பெண்களுக்குக் கிடைத்தன? விம்பிள்டன் சக்கர நாற்காலி ஒற்றையரைச் சேர்த்ததே 2016-இல்தான். விம்பிள்டன் உட்பட டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் பல ஆண்டுகள் எட்டே பேருக்குத்தான் இடம். வாசலை அவ்வளவு குறுக்கிவிட்டு, உள்ளே எப்போதும் அதே முகங்கள்தானே என்று கேட்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

ஜப்பானின் யுய் கமிஜியையும் பாருங்கள். ரியோவில் வெண்கலம், டோக்கியோவில் வெள்ளி. டோக்கியோ இறுதியில் அவரை வென்ற நெதர்லாந்தின் டீடே டி க்ரூட், அந்த 2021-இல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் பாராலிம்பிக் தங்கத்தையும் சேர்த்து எடுத்தவர். 2024-இல் பாரிஸின் ரோலண்ட் காரோஸ் செம்மண் களத்தில் மறுபடி அதே இருவர். முதல் செட் 4-6 என்று கமிஜியின் கையை விட்டுப் போனது. அடுத்த இரண்டையும் 6-3, 6-4 என்று எடுத்தார். இரட்டையரிலும் மனாமி தனாகாவுடன் சேர்ந்து நெதர்லாந்து ஜோடியை வீழ்த்தினார். நீங்கள் சொல்லும் முப்பது ஆண்டுக் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அந்த ஒற்றையர் இறுதிப் போட்டியை, குறிப்பாக மூன்றாவது செட்டை, முழுதாகப் பாருங்கள். அப்புறமும் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.