இரண்டாம் வகுப்பில் ‘அரும்பு’ நிலை என்கிறார்கள், என் பையன் பின்தங்கிவிட்டானா?

இல்லைங்க. அந்த ஒரு சொல்லை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது.

நர்சரிப் பள்ளியில் 98, 99 என்று வாங்கிக்கொண்டிருந்தவனை அரசுப் பள்ளிக்கு மாற்றினோம், இங்கே தமிழில் ‘அரும்பு’ என்று சொல்லிவிட்டார்கள், வீட்டில் அம்மிச்சி (பாட்டி) ‘எத்தனாவது ரேங்க்’ என்று துளைக்கிறார், டியூஷனில் சேர்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சின்ன வகுப்புகள் எடுக்கும் ஆசிரியை. பெற்றோர் கூட்டம் என்றால் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும்.

அரும்பு, மொட்டு, மலர் என்பவை தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் வரும் நிலைகள். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் விட்டதைப் பிடிப்பதற்காக, 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. எழுத்தையும் எண்ணையும் பழகும் தொடக்க நிலை அரும்பு. அதற்கு மேலே மொட்டு, அப்புறம் மலர். பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, இப்போது அதற்கு என்ன தெரியும் என்று பார்த்துப் பாடத்தை அங்கிருந்து தொடங்குவதற்குத்தான் இந்த ஏற்பாடு. ரேங்க் என்கிற பேச்சுக்கே இதில் இடமில்லை.

இன்னொன்று, நிலை பாடத்துக்குப் பாடம் மாறும். திருப்பூரில் நான் வேலை பார்த்தபோது, பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் குழந்தை ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். வீட்டில் இந்தி மட்டும்தான். தமிழில் அரும்பு. ஆனால் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்து எண்ணச் சொன்னால் வகுப்பிலேயே அவள்தான் முதலில் முடிப்பாள். கணக்குத் தாளில் கேள்வியைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் மட்டும் வெறும் தாள்தான் திரும்பி வரும். அந்தத் தாளை மட்டும் பார்த்தவர்கள் ‘கணக்கு வராத பிள்ளை’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சின்ன வகுப்பில் மதிப்பெண்ணை நான் அவ்வளவாக நம்பாததற்குக் காரணம் இதுதான். கணக்கிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். 27ஐயும் 15ஐயும் கூட்டச் சொல்கிறோம். ஒரு பையன் 312 என்று எழுதுகிறான். இன்னொருத்தி 41 என்று எழுதுகிறாள். இரண்டுமே தப்பு, இருவருக்கும் பூஜ்யம். பக்கத்தில் உட்கார்ந்து ‘எப்படிப் போட்ட கண்ணு, சொல்லு’ என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். ‘ஏழும் அஞ்சும் பன்னெண்டுங்க டீச்சர், ரெண்டும் ஒண்ணும் மூணுங்க’ என்கிறான் அவன். கூட்டல் சுத்தமாகத் தெரிகிறது. பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்தாகி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. அவனுக்குக் குச்சிக் கட்டும் தனிக் குச்சிகளும் கொடுத்தால் இரண்டொரு நாளில் தெளிந்துவிடும். 41 எழுதியவள் முறையெல்லாம் சரியாகப் போட்டாள், ஏழுக்கு மேல் விரல் விட்டு எண்ணும்போது ஏழையும் ஒரு விரலாகச் சேர்த்துவிட்டாள். இவளுக்குக் குச்சிக் கட்டு வேண்டியதில்லை, எண்ணிப் பழகினால் போதும். ஒரே பூஜ்யம், ஆனால் ஆளுக்கு ஒரு வைத்தியம்.

வாசிப்பிலும் இப்படித்தான். பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையின் விரலைக் கவனியுங்கள். வாய் மூன்றாவது வரியில் இருக்கும், விரல் முதல் வரியிலேயே நிற்கும். கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கிறது, இன்னும் வாசிக்க வரவில்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டு, சிலேட்டில் ‘கொடி’, ‘கோழி’, ‘தென்னை’, ‘தேர்’ என்று எழுதிக் காட்டுவேன். கோழியைக் கொழி என்று வாசித்தால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்னும் கண்ணில் பிரியவில்லை என்று தெரிந்துவிடும். அடுத்த வாரம் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். உங்கள் பையன் வாங்கிய 98 கேள்வி பதிலை மனப்பாடம் செய்து வாங்கியதாக இருக்கலாம், நிஜமாகவே படித்து வாங்கியதாகவும் இருக்கலாம். பாடப் புத்தகத்தில் இல்லாத நாலு வரியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் உங்களுக்கே புரிந்துவிடும்.

இது எங்கள் பள்ளிகள் புதிதாகக் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே, பிள்ளைக்குப் பயமும் பதற்றமும் இல்லாமல் கற்பிக்க வேண்டும், புரிதலைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்று சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது பருவத் தேர்வுக்கு 60, அன்றாடச் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40 என்று பிரித்தார்கள். நடுவில் 2019இல் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத் தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பி, 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். கைவிட்டது மிகவும் நல்லது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஹால் டிக்கெட் கொடுத்து நாம் எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மதிப்பீட்டைக் கைபேசிச் செயலியில் ஏற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது. ஓராசிரியரே இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்க்கும் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் உட்கார நேரம் கிடைப்பது பெரும்பாடு. அதனால்தான் பெற்றோர் கேட்கும் கேள்வி முக்கியம். ‘பையன் எப்படிங்க படிக்கிறான்’ என்று கேட்டால் ‘நல்லாப் படிக்கிறானுங்க’ என்ற பதிலோடு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். எந்த எழுத்தில் தடுமாறுகிறான், எந்தக் கணக்கில் நின்றுவிடுகிறான், அதற்கு இந்த மாதம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பயிற்சி நூலையும் வாங்கிப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை, உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

டியூஷன் இப்போதைக்கு வேண்டாம். பொழுதோட தினமும் பதினைந்து நிமிடம் பையனோடு உட்கார்ந்து பஸ் போர்டு, கடைப் பலகை, மளிகைச் சீட்டு, கதைப் புத்தகம், எது கிடைக்கிறதோ அதை வாசிக்கச் சொல்லுங்கள். ரேங்க் கேட்கும் அம்மிச்சியையே பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள், கேட்டதை அவன் திரும்பச் சொல்லட்டும். மாதக் கணக்கில் இப்படிச் செய்தும் அதே எழுத்துகளில் அப்படியே நின்றால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாமலே ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கண், காது இரண்டும் நன்றாக இருந்தும் தடுமாற்றம் தொடர்ந்தால், வட்டார வள மையத்தில் இப்படித் தடுமாறும் பிள்ளைகளுக்கு உதவும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், வகுப்பாசிரியரிடம் சொல்லி அவர்களைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.